பூச்சும் பொருளும்

பூசப்படாத பொருள் ஏதேனும் நம் வீட்டில் உண்டா என்று எண்ணிப் பார்த்தால், விடை காண்பது எளிதன்று. சுவருக்குச் சுண்ணாம்பு, மரத்திற்கு மெருகு, செம்புக் குடத்திற்கு ஈயம், இரும்புக் கதவுக்கு வண்ணம், நெற்றிக்குத் திருநீறு என ஒவ்வொன்றின் மேலும் மனிதன் ஏதோ ஒன்றைப் பூசியே வாழ்ந்து வந்திருக்கிறான். ஆயினும் நம் மொழி இச்செயலை முழு மனத்துடன் நம்பியதில்லை. உண்மையை மறைப்பவனைப் 'பூசி மெழுகுகிறான்' என்கிறோம். அவன் அகப்பட்டுக்கொண்டால் 'சாயம் வெளுத்துவிட்டது' என்கிறோம். ஆனால், மெழுகுதல் என்னும் அதே சொல்தான், விடியற்காலையில் சாணம் கரைத்துத் தரையைத் தூய்மை செய்த நம் பாட்டிமாரின் செயலுக்கும் பெயராக இருந்தது. ஒரே சொல் தூய்மைக்கும் பொய்மைக்கும் பெயராக நிற்பது ஏன்? பூச்சு எப்போது காக்கிறது, எப்போது மறைக்கிறது? இக்கட்டுரை ஆராயப் புகுவது இந்த வினாவையே.

பெரிய வினாக்களுக்குச் சிறிய கைத்தொழில்கள் நல்ல விளக்கம் தருவதுண்டு. இரும்புக்கு நீலமேற்றுதல் என்பது அத்தகைய ஒரு தொழில். வெறுமையாய்க் கிடக்கும் எஃகின் மேற்பரப்பைக் கருநீல நிறமாக மாற்றித் துருவிலிருந்து ஓரளவு காக்கும் முறை இது. மேலைநாடுகளில் துப்பாக்கிக் குழல்களுக்கும் கடிகார முட்களுக்கும் இம்முறை பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டம் துப்பாக்கியைப் பொதுமக்களின் கைக்கு எட்டாத பொருளாக்கியுள்ளது. ஆகவே நமக்கு இது கருவிகளைப் பற்றிய செய்தியே: உளி, சுத்தியல், இடுக்கி, திருகுசாவி, பழைய பூட்டு. வீட்டிலேயே, நெருப்பின் துணையின்றி, சிறு புட்டியில் விற்கும் நீர்மத்தைக் கொண்டு செய்யும் முறைக்குக் குளிர்நீலப் பூச்சு என்று பெயரிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கிள்ளான் வட்டாரத்தில் வாழும் ஓர் இளைஞன் தன் பாட்டியின் பால்மரம் சீவும் கத்தியைப் பழைய பெட்டி ஒன்றில் கண்டெடுக்கிறான் என்று கொள்வோம். பாட்டி வேலை செய்த தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. எஞ்சியிருப்பது இந்தக் கத்தி ஒன்றே. அதுவும் துருவேறிக் கிடக்கிறது. அதைக் கூடத்தில் மாட்டி வைக்க விரும்புகிறான் அவன். அவ்வாறே மாட்டுவதா, துருவைப் போக்கி நீலமேற்றி மாட்டுவதா என்பது அவன் முன் நிற்கும் கேள்வி. பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனால், முன்னோர் விட்டுச் சென்றவற்றோடு நாம் கொள்ளும் உறவு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்தத் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். எஃகைப் பளபளப்பாகத் தேய்த்து மெல்லச் சூடேற்றினால், ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வெளிர்மஞ்சள் தோன்றும். மேலும் சூடேறப் பழுப்பும் ஊதாவும் தோன்றி, 300 பாகையை நெருங்கும்போது அழகிய நீலம் பிறக்கும். இது யாரும் பூசிய நிறமன்று. காற்றிலுள்ள உயிர்வளியோடு இரும்பு கூடித் தன்மேல் தானே போர்த்திக்கொண்ட மெல்லிய ஆடையில் ஒளி விளையாடுவதால் தோன்றும் நிறம். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிநீரில் இரும்பை அமிழ்த்தும் முறையிலும் இரும்பே மாறுகிறது. காந்தக்கல்லில் உள்ள அதே கரிய ஆக்சைடு அதன் மேற்பரப்பில் விளைகிறது. துருவும் இரும்பும் உயிர்வளியும் கூடிப் பிறந்ததே. ஆனால் செந்துரு பொரிந்து உதிர்ந்து, மேலும் மேலும் உள்ளே அரித்துச் செல்லும். கருந்துருவோ இறுகப் பற்றி நின்று காக்கும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவன் வீட்டை அழிக்க, மற்றவன் காப்பதைப் போன்றது இது.

குளிர்நீலம் இவற்றினின்றும் வேறுபட்டது. அந்த நீர்மத்தில் செலினியம் சேர்ந்த அமிலமும் மயில்துத்தமும் கலந்திருக்கும். இரும்பின் மேல் அதைத் தடவியதும், செம்பும் செலினியமும் கூடிய ஒரு கரும்படலம் அதன்மீது படிகிறது. நொடிப்பொழுதில் நிறம் ஏறிவிடும். ஆனால் அந்த நிறம் இரும்பிலிருந்து பிறந்ததன்று. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஆதலால் அது மெல்லியது. கைபடக் கைபடத் தேய்ந்து போவது. எண்ணெய் இட்டுப் பேணாவிட்டால், நம் நாட்டின் ஈரக்காற்றில் சில நாள்களிலேயே துரு மீண்டும் தலைகாட்டும். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய உப்புக்காற்றில் சொல்லவே வேண்டியதில்லை.

விளைந்த நிறம், படிந்த நிறம் என்னும் இந்த வேறுபாட்டை நம் அடுப்படி வெகுகாலமாக அறியும். புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லில் அன்றே எவரும் தோசை வார்ப்பதில்லை. கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி, அனலில் வைத்து, மீண்டும் தடவிப் பல நாள் 'பழக்குகிறோம்'. எண்ணெய் அனலில் இறுகிக் கல்லோடு ஒன்றிக் கரும்பளிங்கு போலாகிறது. பழக்குதல் என்ற சொல்லை மாட்டுக்கும் குழந்தைக்கும் கல்லுக்கும் ஒன்றாகவே வழங்கியது தமிழ். பழக்கத்தால் வந்தது எளிதில் போகாது. ஒரு நாளில் வந்ததோ ஒரு நாளிலேயே போய்விடும். ஒழுக்கத்திற்கும் இதுவே விதி. பயின்று பயின்று ஒருவனுள் விளைந்த பணிவும், நேர்காணலுக்காக அன்று காலை அணிந்துகொண்ட பணிவும் முதற்பார்வைக்கு ஒரே நிறமாகத்தான் தோன்றும்.

அவ்வாறாயின் வெளியிலிருந்து வந்த பூச்சு எல்லாம் பொய்யே என்று முடிவு கட்டிவிடலாமா? அறநூலார் சிலர் அவ்வாறு கூறவும் கூடும். புறத்தோற்றத்தைப் பழிக்கும் மரபு நம்மிடம் வலுவாக உண்டு. வள்ளுவர் கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் அவர் பழித்தது, வேடத்தைத் தாங்கிக்கொண்டு அதன் மறைவில் தீமை செய்வதையே அன்றி, ஆடை உடுத்துவதை அன்று. இந்த வேறுபாட்டைக் காட்டும் நல்ல சான்று நம் காலடி மண்ணிலேயே உள்ளது. அதுதான் வெள்ளீயம்.

கோலாலம்பூர் பிறந்ததே ஈயத்தால்தான். 1857ஆம் ஆண்டில் சீனச் சுரங்கத் தொழிலாளர் 87 பேர் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி வந்து, அம்பாங் பகுதியில் ஈயம் தோண்டப் புகுந்ததிலிருந்தே இந்நகரின் வரலாறு தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகிலேயே மிகுதியாக ஈயம் தந்த நாடு இதுவே. அந்த ஈயத்தில் பெரும்பங்கு எதற்குச் சென்றது? பூசுவதற்கு! மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் ஈயம் பூசியே உணவு அடைக்கும் டின்கள் செய்யப்பட்டன. தமிழர் இல்லங்களில் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்தனர். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கித் துணியால் ஒற்றி உள்முகம் முழுவதும் வெண்மையாக்குவர். அந்தப் பூச்சு இல்லாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறி நஞ்சாகும். இங்கே பூச்சு எதனையும் மறைக்கவில்லை. உள்ளே இருப்பது செம்பு என்பது வீட்டில் அனைவரும் அறிந்ததே. உண்பவரைக் காப்பதற்காகவே ஈயம் நின்றது. காண்போர் மெச்சுவதற்கான வெளிப்புறத்தில் பூசப்படாமல், யாரும் காணாத உட்புறத்தில் பூசப்பட்டது என்பதே இப்பூச்சின் நேர்மைக்குச் சான்று. ஆகவே பூச்சு பொய்யென்பது பொருந்தாது. எதற்காகப் பூசுகிறோம் என்பதே முதல் அளவுகோல்.

இனி இளைஞனின் கத்திக்கு வருவோம். குளிர்நீலப் பூச்சுக்கு வியக்கத்தக்க ஒரு பண்பு உண்டு. வண்ணப்பூச்சு பள்ளத்தை நிரப்பிவிடும்; கீறலை மூடிவிடும். நீலமோ எதனையும் நிரப்புவதில்லை. துரு அரித்த குழி குழியாகவே இருக்கும். கீறல் கீறலாகவே நிற்கும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் பிடிக்காமல் அந்தக் கறையும் வெளிப்பட்டுவிடும். எனவே இந்தப் பூச்சு பொய் சொல்லத் தெரியாத பூச்சு எனலாம். பொய் சொல்ல விரும்புவோன் அதற்கு முன்பே, மணல்தாளைக் கையில் எடுக்கும்போதே, தொடங்கிவிடுகிறான். குழிகள் மறையும்வரை தேய்த்துத் தள்ளினால், அவற்றோடு கருவி செய்தவனின் முத்திரையும் போகும். விளிம்புகளின் கூர்மையும் போகும். பழம்பொருள் அறிந்தோர் மறுபூச்சைக் காட்டிலும் இந்த மிகைத் தேய்ப்பையே பெருங்குற்றமாகக் கருதுவர். நிறம் போனால் மீண்டும் ஏற்றலாம். தேய்த்தெடுத்த இரும்பை எவரும் மீட்டுத் தர இயலாது. நாம் சேர்ப்பதைக் காட்டிலும் நீக்குவதில்தான் பெரும்பொறுப்பு இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

அடுத்து, எது அழுக்கு, எது வரலாறு? பாட்டியின் கத்தியில் இரு வகை அடையாளங்கள் உண்டு. பிடியில் விரல்கள் பதிந்து வழவழப்பான இடமும், நாள்தோறும் தீட்டித் தீட்டி அலகு தேய்ந்து குறுகிய வடிவமும் அவள் உழைப்பின் எழுத்துகள். செந்துருவோ அவள் எழுதியதன்று. அவள் வேலையை விட்ட பின்னர், கவனிப்பார் அற்றுக் கிடந்த ஆண்டுகள் எழுதியது அது. அவள் கையில் இருந்தவரை அந்தக் கத்தியில் துருவுக்கு இடமே இருந்திருக்காது. இருள் பிரியுமுன் எழுந்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு நிரைக்குச் சென்றவளின் அலகு எப்போதும் வெண்ணிறமாய் மின்னியிருக்கும். ஆகவே துருவைப் போக்குவது அவளுக்குச் செய்யும் அவமதிப்பு அன்று. விரல் தேய்த்த பிடியை மணல்தாளால் மட்டமாக்குவதும், குறுகிய அலகை மாற்றிப் புதியது வைப்பதுமே அவமதிப்பு. ஒன்று மேலும் சொல்லத் தகும்: அலகின் வெட்டும் விளிம்புக்கு நீலமேற்றக் கூடாது. அங்கே வெற்று இரும்பே உண்மையான நிறம். உடலுக்கு ஆடை தேவை. வேலை செய்யும் விளிம்புக்கு வேலையே ஆடை.

'பழையது பழையதாகவே இருக்கட்டும்; எதையும் தொடாதே' என்போரும் உண்டு. அவர்கள் தில்லி இரும்புத் தூணைச் சான்று காட்டுவர். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தத் தூண், ஏழு மீட்டருக்கும் மேல் உயரமும் ஆறு டன்னுக்கும் மேல் எடையும் உடையது. எவரும் பூச்சு இடவில்லை. ஆயினும் அது அரிந்து போகவில்லை. இதன் காரணத்தைக் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதன் துணையால், நனைந்தும் உலர்ந்தும் வந்த ஆண்டுகளில் தூணின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானே வளர்ந்தது. அப்படியானால் அதுவும் வெற்று இரும்பன்று. தன் ஆடையைத் தானே நெய்துகொண்ட இரும்பு. அதற்கும் மனிதக் கைகள் இடர் விளைத்தன. தூணை முதுகுப்புறமாகக் கட்டி அணைத்தால் நல்லூழ் வருமென்று நம்பி மக்கள் தழுவித் தழுவி, அந்தப் பகுதி மட்டும் தேய்ந்து மின்னத் தொடங்கியது. 1997ஆம் ஆண்டில் சுற்றிலும் வேலி அமைக்க வேண்டியதாயிற்று. நம் கருவிகளில் அத்தகைய பாஸ்பரஸ் இல்லை. நம் காற்றோ தில்லிக் காற்றைவிட ஈரம் மிக்கது. தொடாமல் விடுவதும் ஒரு முடிவே. அதன் விளைவுக்கும் நாமே பொறுப்பு. கூரை ஒழுகும் வீட்டை 'மரபு மாறாமல்' வைத்திருக்கிறேன் என்பவன் மரபைக் காப்பவன் ஆகமாட்டான்.

ஒருவன் தன் பொருளுக்குத் தானே பூசித் தானே பார்த்து மகிழும்வரை ஏமாற்று என்பதற்கு அங்கே இடமில்லை. இன்னொருவர் கண் அங்கே நுழையும்போதுதான் அறம் கூர்மையடைகிறது. புதுப்பிப்பு என்ற பெயரால் நடந்த பெரும் வஞ்சனைக்குத் தஞ்சை மண்ணின் சிவபுரம் சான்று. 1951ஆம் ஆண்டில் அவ்வூர் நிலத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசர். 1954ஆம் ஆண்டில் அவை செப்பனிடுவதற்காக வெளியே தரப்பட்டன. கோயிலுக்குத் திரும்பி வந்ததோ புதிதாக வார்த்த படி. மூலத் திருமேனி கடல் கடந்தது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அதனை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார் என்று செய்தி வெளிவந்தது. இந்திய அரசு வழக்காடி, உடன்பாடு கண்டு, 1986ஆம் ஆண்டில் அதனை மீட்டது. பழுது பார்த்தல் என்பதே நம்பிக்கையின்மேல் நடக்கும் தொழில். நம் கண்ணுக்கு அப்பால் நம் பொருளை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். சிவபுரத்தில் களவாடப்பட்டது வெண்கலம் மட்டுமன்று. படியின் முன் கைகூப்பி நின்ற எளிய மக்களின் நம்பிக்கையும் களவாடப்பட்டது. அவர்களது வழிபாடு பொய்யாகிவிடவில்லை. ஆனால் அவர்களுக்குச் சொல்லப்பட்டது பொய். ஆக, இரண்டாம் அளவுகோல் இது: காண்போரிடம் நாம் உண்மையைச் சொல்கிறோமா? நீலமேற்றிய பழங்கருவியை விற்பவன், 'இது மறுபூச்சு' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அவன் தூயவன். அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டால், பூச்சின் ஒவ்வொரு துளியும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

பொருளுக்குச் சொன்னது ஊருக்கும் பொருந்தும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், குடமுழுக்கை ஒட்டிப் பத்துமலையின் 272 படிகளுக்கும் பல வண்ணம் தீட்டப்பட்டது. உலகெங்குமிருந்து மக்கள் அதைக் காணத் திரண்டனர். அதே வேளையில், முன் அனுமதி பெறப்படவில்லை என்று தேசிய மரபுடைமைத் துறை கேள்வி எழுப்பியது. குடமுழுக்கின்போது கோயிலுக்குப் புது வண்ணம் ஏற்றுவது நம் மரபு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதையே கடமையாக வகுத்தவர்கள் நாம். மாறாது வைப்பதே மரபு என்பது அரசின் நோக்கு. மாற்றிப் புதுக்குவதே மரபு என்பது கோயிலின் நோக்கு. இரண்டிலும் நியாயம் உண்டு. பலருக்கும் உரிய பொருளை மாற்றுமுன் பலரையும் கேட்பது நன்று என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியை எண்ணிப் பாருங்கள். செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, ரயில்வேயால் வளர்ந்த ஊர் அது. தண்டவாளத்திலும் பணிமனையிலும் உழைத்த தமிழரும், அலுவலகங்களில் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவரும், மலையாளிகளும், சீனரும் சேர்ந்து எழுப்பிய ஊர். 2010ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், இரு நாட்டுப் பிரதமர்களும் கூடி அதன் ஒரு பகுதியை 'லிட்டில் இந்தியா'வாகத் தொடங்கி வைத்தனர். வளைவுகளும் நீரூற்றும் வண்ணமும் வந்தன. அழகு கூடியது, வணிகமும் பெருகியது. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அந்த வளைவின் கீழே நடந்து செல்லும் நம் பிள்ளைக்கு, இவ்வூர் திருவிழாக் கடைத்தெருவாகப் பிறக்கவில்லை, கரி படிந்த கைகளால் பிறந்தது என்று யாரேனும் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வண்ணம் ஈயப் பூச்சாகும். சொல்லாவிட்டால் பூசி மெழுகியதாகும்.

பள்ளிக்கூடத்திலும் இதே வினா நாள்தோறும் எழுகிறது. மேலதிகாரி வருகிறார் என்றால் பூந்தொட்டிகள் முன்னே வருகின்றன. தேர்வு நெருங்கினால் மாதிரிக் கட்டுரைகள் மனப்பாடம் ஆகின்றன. மனப்பாடம் செய்த மாணவனின் விடைத்தாள் குளிர்நீலம் ஏறிய இரும்பைப் போல அன்று ஒளிரும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அங்கே துரு இருக்கும். மனப்பாடமே வேண்டாம் என்று சொல்ல நான் துணியேன். வாய்பாடும் செய்யுளும் முதலில் வெளியிலிருந்துதான் வந்து படிகின்றன. நாள்தோறும் எண்ணெய் இட்டுப் பேணினால், படிந்ததே காலப்போக்கில் பழகியதாக மாறிவிடும். இளம் ஆசிரியர்க்கு ஆசிரியப் பயிற்சியில் முதலில் உணர்த்தத் தக்கது இதுவே: முதற்பூச்சு எவர்க்கும் எளிது, பேணுதலே ஆசிரியத் தொழில்.

இறுதியாக, மறக்கப்படும் ஒன்று உண்டு. குளிர்நீல நீர்மம் நஞ்சு. கையுறை இன்றித் தொடலாகாது. காற்றோட்டமில்லாத அறையில் பயன்படுத்தலாகாது. உணவு வெட்டும் கத்திக்கும் சமையற் கலத்துக்கும் ஒருபோதும் பூசலாகாது. கழுவிய நீரை வாசற்சாக்கடையில் ஊற்றிவிட்டால், அது கிள்ளான் ஆற்றுக்குச் செல்லும். ஆறு கடலுக்குச் செல்லும். என் கூடத்தின் அழகுக்கு மீனும் மீன் உண்பவனும் விலை கொடுக்கலாமா? ஒரு பூச்சின் விலையைப் பூசுகிறவனே கொடுக்கிறானா, முகமறியாத வேறொருவன் தலையில் ஏற்றுகிறானா என்பது மூன்றாம் அளவுகோல்.

காப்பதற்காகப் பூசுக, பூசியதை மறையாது சொல்லுக, அதன் சுமையைப் பிறர்மேல் ஏற்றாதிருக்க. இம்மூன்றும் அமைந்த பூச்சு அறத்தோடு ஒட்டியது என்பதே என் துணிபு. உள்ளே இரும்பு உறுதியாக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. அரித்துப் போன இரும்பின் மேல் எந்த நீலமும் நிலைப்பதில்லை. எந்தப் பூச்சும் ஒருமுறை பூசியதோடு நம்மை விடுவித்துவிடுவதும் இல்லை. இரும்பு ஒவ்வொரு மழைக்காலத்திலும் மீண்டும் நம் கையை எதிர்பார்த்து நிற்கிறது. மனிதரும், மொழியும், முன்னோர் விட்டுச் சென்ற நினைவும் அவ்வாறே நிற்கின்றன.